பூராட நட்சத்திரக்காரர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று பதினோரு பிறப்புச் சான்றிதழ்கள். அதில் நான்கு பேர் பிறந்த நேரமும் வேண்டும் என்று நின்றார்கள். மாநகராட்சிச் சான்றிதழில் தேதிதான் இருக்கும், நேரம் இருக்காது என்று பதினேழு வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஒரு அம்மாள் விடவில்லை. "நேரம் இல்லாம ஜாதகம் எப்படி சார் எழுதுறது?" என்றார். "எழுதாம இருந்து பாருங்கம்மா, புள்ள அப்பவும் வளரும்" என்றேன். பக்கத்து மேஜை சகாயராஜ் சிரித்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஆள், ஆனால் என் சேனலுக்கு முதல் ரசிகன் அவன்தான்.

சேனலின் பெயர் 'சும்மா ஒரு கருத்து'. சினிமா, டிவி, காமெடி, பாட்டு, கடவுள் இல்லை என்பது. இந்த ஐந்தைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. இந்த வாரம் எதைப் பேசுவது என்று இன்னும் முடிவாகவில்லை. பாட்டுப் போட்டி நிகழ்ச்சியில் நடுவர்கள் அழுவதைப் பற்றிப் பேசலாம். பாடுகிறவர் பல்லவியைத் தொடும் முன்பே நடுவர் கைக்குட்டையைத் தொடுகிறார்.

ஜூன் 5, வியாழன்

நேற்று ஒரு படம் பார்த்தேன். இடைவேளை வரை வில்லனைக் காட்டவில்லை. இடைவேளைக்குப் பிறகு காட்டினார்கள், காட்டாமலே இருந்திருக்கலாம்.

சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல். உமா ஏதோ சொன்னாள், மகளின் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி என்று நினைக்கிறேன். வீடியோவுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன்.

ஜூன் 7, சனி

சகாயராஜ் ஒரு புதையல் அனுப்பியிருக்கிறான். ஏதோ ஒரு கேபிள் சேனலில் காலை நேரம் நேரலையில் ஜோதிடம் சொல்கிறார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு பெண் போன் செய்திருக்கிறார். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"கரூர்லேர்ந்து லலிதா பேசுறேன் ஐயா."

"சொல்லுங்கம்மா. யாருக்குப் பாக்கணும்?"

"வீட்டுக்காரருக்கு. பூராட நட்சத்திரம், தனுசு ராசி. எனக்கு ரேவதி நட்சத்திரம். ஐயா, அவரு நல்லவருதான். குடி கிடி எதுவும் கிடையாது. வெளியில எல்லார்கிட்டயும் கலகலன்னு பேசுவாரு. வீட்டுக்கு வந்தா என்கிட்ட 'ம்' மட்டும்தான். சண்டையும் இல்ல. மூணு வருஷமா இப்படியே போவுது. எனக்கு ஏதாவது தோஷமா ஐயா?"

ஜோதிடர் கட்டம் பார்த்தார். குருவின் பார்வை சரியில்லையாம். ஒன்பது வியாழக்கிழமை தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை, நெய் விளக்கு. முடிந்ததும் மறுபடி கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமாம்.

படித்தவர்கள் வாழும் மாநிலம் இது. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒன்றே முக்கால் நிமிடக் குரலைப் பதினைந்து துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கமெண்ட். உமா எதிரில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க அது?" என்றாள். "ம், ஒரு காமெடி" என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஏற்றிவிட்டேன். எனக்கே பிடித்த இடம்: "பூராடத்தாரே, நீங்கள் எங்கிருந்தாலும் வணக்கம். தந்தி அடித்த காலத்தில்கூட இவ்வளவு சிக்கனம் கிடையாது. மூன்று வருடம் ஒரே எழுத்தில் குடும்பம் நடத்தியிருக்கிறீர்கள்." அப்புறம் லலிதாவின் குரலில் நானே பேசிக்காட்டினேன். மூக்கால் கொஞ்சம் இழுத்தால் அச்சு அசல் வருகிறது.

ஜூன் 12, வியாழன்

எழுபதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வந்த ஒருவர் என்னைப் பார்த்து "ம்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

மறுபடியும் கொண்டைக்கடலை. நான் கிண்டல் செய்த கடலை என் தட்டுக்கே வருகிறது. "என்ன, கடலை சீசனா?" என்றேன். "நல்லா வேகவெச்சிருக்கேன், வாயு புடிக்காது" என்றாள். ஊரே வியாழக்கிழமை கடலைதான் தின்கிறது போலிருக்கிறது. உமாவின் கண் சிவந்திருந்தது. ஜலதோஷமாம். வீடியோ பார்த்தாயா என்று கேட்டேன். "பாத்தேன். எல்லாரும் நல்லா சிரிச்சிருக்காங்க" என்றாள். அவள் சிரித்தாளா என்று கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

ஜூன் 19, வியாழன்

காமெடியைப் பற்றி ஒரு கருத்து, பிறகு பயன்படும். அடி வாங்குகிற ஆளின் முகம் நமக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் சிரிப்பு வராது. அதனால்தான் படத்தில் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிறவருக்கு வீடு, மனைவி, வேலை எதையும் காட்டமாட்டார்கள். சகாயராஜ் இதைக் கேட்டுவிட்டு, "லலிதாக்கா மூஞ்சி தெரியாததால தப்பிச்சோம்" என்றான்.

ஜூன் 22, ஞாயிறு

மத்தியானம் புதுக்கோட்டையிலிருந்து தங்கை பூங்கொடி பேசினாள். அவள் வீடியோ பார்க்கிற ஆள் இல்லை. யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

"அண்ணே, உன் நட்சத்திரம் என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எதுக்கு அது?"

எங்கள் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். எங்களுக்கு ஜாதகம் கிடையாது, நட்சத்திரம் கிடையாது, பெயரும் தூய தமிழ்ப் பெயர். நன்மாறன், பூங்கொடி. என் நட்சத்திரம் எனக்குத் தெரியாது என்பதை மேடையிலேயே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

"அம்மா அப்பாவுக்குத் தெரியாம ரெண்டு பேருக்கும் எழுதி வெச்சிருந்துச்சு. போறதுக்கு முன்னாடி உன்னோடத அண்ணிகிட்ட குடுத்துச்சு. அர்ச்சனை பண்ணணும்னா தெரியணும்ல, அதுக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீ பூராடம்ணே. தனுசு ராசி."

தமிழ்நாட்டில் இருபத்தேழில் ஒருவர் பூராடம், அப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட முப்பது லட்சம் பேர் என்று அவளுக்குக் கணக்குச் சொன்னேன். "சரிண்ணே" என்றாள். "அந்தக் குரல் யாருதுன்னு உனக்கு நெசமாவே தெரியலையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

உமா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வெட்டாத மூலப் பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "கரூர்லேர்ந்து" என்ற முதல் வார்த்தையிலேயே உமா.

ஜூன் 23, திங்கள்

வீடியோவை நீக்கிவிட்டேன். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேர் பார்த்த பிறகு நீக்கியிருக்கிறேன். தொழில்நுட்பக் காரணம் என்று போட்டேன். வேறு மூன்று பேர் அதைத் தங்கள் சேனலில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார், "ம்" என்று.

ஜூன் 24, செவ்வாய்

உமாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 25, புதன்

சொல்லவில்லை. அவளுக்கு நான் கண்டுபிடித்தது தெரியாது. தெரியாத வரைக்கும் அவள் என்னை ஒரு முட்டாளாக மட்டும் நினைத்துக்கொண்டிருப்பாள். சொல்லிவிட்டால் முட்டாள் என்ற சலுகையும் போய்விடும். இது கோழைத்தனம்தான். எழுதிவைக்கவாவது செய்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

கொண்டைக்கடலை வந்தது. நாலாவது வாரம். இனி எண்ணத் தெரியும். பேச வேண்டும் என்று முடிவு செய்து வாயைத் திறந்தேன். ஒரு மணி நேரம் கேமரா முன்னால் தண்ணீர் குடிக்காமல் பேசுகிறவனுக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. கடைசியில், "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி இல்ல?" என்றேன்.

உமா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சலாங்க?" என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

அவள் பார்க்கிற சீரியலைக் கூட உட்கார்ந்து பார்த்தேன். மாமியார் திரும்பிப் பார்க்கிறாள், மூன்று முறை, மூன்று கோணத்தில், மூன்று இடி. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். உமாவே, "அந்தம்மா திரும்புறதுக்குள்ள நான் சாதம் வடிச்சிருவேன்" என்றாள். சிரித்துவிட்டேன். அவள் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தாள்.

சீரியலின் கூத்தெல்லாம் தெரிந்துதான் அதைப் பார்க்கிறாள். நான் இத்தனை நாள் அவளைச் சீரியல் ரசிகை என்று நினைத்து அவளுக்காகவும் சேர்த்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

மாலைக் காட்சிக்குப் படம் போனோம். இருவராகப் போய் எத்தனை வருடம் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. நாயகியின் அப்பா இறந்துபோகிற காட்சியில் தியேட்டரே அழுதது. வெளியே வரும்போது உமா சொன்னாள், "அந்தப் பொண்ணு அழறதுக்கு முன்னாடியே வயலின் அழுதுருச்சுங்க. அவளுக்கு எடமே குடுக்கல." இருபது வருடமாகப் பின்னணி இசையைப் பற்றி நான் பேசிய எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. ஸ்கூட்டரில் வீடு வரும் வரை பேசிக்கொண்டே வந்தாள். நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

ஜூலை 13, ஞாயிறு

இதை எழுதக் கை கூசுகிறது. மூன்று வாரமாக வீடியோ போடாததால் ஆட்கள் குறைந்துகொண்டே இருந்தார்கள். இன்று அந்தப் படத்தைப் பற்றிப் போட்டேன். "நாயகி அழும் முன்பே வயலின் அழுதுவிடுகிறது, அவளுக்கு இடமே கொடுக்கவில்லை" என்றேன். என் கருத்தாகவே சொன்னேன். உங்களைத் தவிர யாராலும் இப்படிச் சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறார்கள்.

சாயங்காலம் உமா போனில் அதைப் பார்த்தாள். முழுவதும் பார்த்தாள். பிறகு காபி வேண்டுமா என்று கேட்டாள்.

ஜூலை 14, திங்கள்

முதலில் கிண்டல் செய்ய அவள் குரலை எடுத்தேன். இப்போது பாராட்டு வாங்க அவள் பேச்சை எடுத்தேன். இரண்டிலும் அவள் பெயர் இல்லை.

ஜூலை 24, வியாழன்

அரை நாள் விடுப்பு போட்டிருந்தேன். நல்ல மழை. உமா காய்கறி வாங்கப் போவதாகக் கிளம்பினாள். கையில் இருந்த பையில் ஊறவைத்த கடலை என்று எனக்குத் தெரியும். கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். கோயிலுக்கு இரண்டு தெரு முன்னால், "இங்கயே எறங்கிக்கிறேன்" என்றாள். "மழையில எப்படிப் போவ?" என்று கோயில் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் கோபுர வாசலுக்கு வெளியே தகரக் கொட்டகையின் கீழ் நின்றேன். வாசலைத் தாண்டவில்லை, அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அது. எனக்கும் உள்ளே யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை.

பக்கத்தில் ஒதுங்கிய ஒருவர், பஞ்சு மில்லில் வேலையாம், என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், லலிதாக்கா வீடியோ போட்டது நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாராவது அடையாளம் கண்டுகொண்டால் என் முகம் தானாக மலர்ந்துவிடுகிறது, அதை என்ன செய்ய?

"எங்க வீட்டம்மாவுக்குப் போன் போடுறேன், ஒரே ஒரு தடவை அந்தக் குரல்ல பேசுங்க சார். விழுந்து விழுந்து சிரிச்சா சார் அவ."

வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டார். போனை என் வாயருகில் நீட்டிவிட்டார். மூக்கால் இழுத்து, "அவரு நல்லவருதான் ஐயா" என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது.

உமா என் வலப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் விபூதி. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அந்த ஆள் அவளிடமும், "உங்க வீட்டுக்காரரா? குடுத்து வெச்சவங்க நீங்க, வீட்டுல சிரிப்புக்குப் பஞ்சமே இருக்காது" என்றார். உமா அவரைப் பார்த்துப் புன்னகை செய்தாள். குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

வண்டியில் வரும் வழியெல்லாம் ஹெல்மெட்டில் மழை சடசடவென்று அடித்தது. மழைக்கு நன்றி.

ஜூலை 25, வெள்ளி

என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

ஒன்பதாவது வாரம். நான் கேட்காமலே, "கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்றாள். காய்கறி என்று சொல்லவில்லை. கொண்டுபோய் விட்டேன். இந்தத் தடவை நானே தெருமுனையில் நின்றுகொண்டேன், ஹெல்மெட்டைக் கழற்றாமல்.

வரும்போது மகளின் பரீட்சையைப் பற்றி, மாடியில் ஒழுகுகிற இடத்தைப் பற்றி, அலுவலகத்தில் இரட்டைக் குழந்தைக்கு ஒரே பெயர் வைக்க வந்தவரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். இப்போது பேச்சு சுலபமாக வருகிறது. அதுதான் உறுத்துகிறது. குற்றத்தை மறைக்கப் பேச ஆரம்பித்தேன். பேச்சு நன்றாகப் போகப் போகக் குற்றம் நன்றாக மறைகிறது.

ஆகஸ்டு 5, செவ்வாய்

பதினொன்றரைக்கு சகாயராஜ் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். "மாறா, உன் ஆளு மறுபடியும் வந்துருச்சு. பார்ட் டூ ரெடி" என்று போனை நீட்டினான். கேட்கமாட்டேன் என்று எழுந்தேன். அவன் சத்தமாகவே வைத்துவிட்டான்.

"ஐயா, கரூர் லலிதா. ஒம்போது வாரம் முடிச்சிட்டேன் ஐயா."

"பலன் இருக்காம்மா?"

"இருக்குங்க ஐயா. இப்பல்லாம் என்கிட்ட பேசுறாரு. படத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. நேத்து நான் சொன்னதுக்கு சிரிச்சாரு. எத்தன நாளைக்குன்னு தெரியல. அதான், இருக்கிறப்பவே சொல்லிருவோம்னு போன் பண்ணேன்."

ஜோதிடர் குரு பார்வையின் பெருமையைப் பத்து நிமிடம் பேசினார். சகாயராஜ் மேஜையைத் தட்டிச் சிரித்தான். குருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அடித்துச் சொல்ல இந்த உலகத்திலேயே என்னிடம் மட்டும்தான் ஆதாரம் இருக்கிறது. அது என் யோக்கியதை.

"அது உமாடா" என்றேன்.

"எது?"

"லலிதா. என் வீட்டுல. பூராடம் நான்தான்."

அவன் சிரிப்பை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி இருந்தான். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, இழுக்காமல் தூக்கிக்கொண்டு, தன் இடத்துக்குப் போய்விட்டான்.

ஆகஸ்டு 7, வியாழன்

'எத்தன நாளைக்குன்னு தெரியல.' இரண்டு நாளாக இதுவே காதில் ஓடுகிறது. மூன்று வருடம் கேட்காத காதுக்கு இப்போது வேறு எதுவும் கேட்கவில்லை.

இன்று கடலை இல்லை. தோசை.

ஆகஸ்டு 9, சனி

காலையில் உமா மேஜையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். வழியில் எங்கும் நிற்காமல் சொல்லிவிட வேண்டும் என்று ஒப்பித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"கரூர் லலிதா நீதான்னு எனக்கு ஜூன் மாசமே தெரியும். பூங்கொடி சொன்னா. நான் உன்கிட்ட சொல்லல."

அவள் கை நிற்கவில்லை. "வீடியோவத் தூக்குனீங்கள்ல, உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"மன்னிச்சிரு உமா. என் நட்சத்திரம் எனக்குத் தெரியாததால வந்தது."

"நட்சத்திரம் தெரியாததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லங்க. அது உங்க கொள்கை. மாமா பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லிட்டாரு." கீரைக் காம்பை ஓரமாக வைத்தாள். "அன்னிக்கு நீங்க இதே எடத்துல உக்காந்து ஹெட்போன மாட்டிக்கிட்டு என் குரல வெட்டிக்கிட்டு இருந்தீங்க. லேப்டாப்புல கரூர் லலிதான்னு எழுத்து ஓடுச்சு, உங்க கண்ணாடியில தெரிஞ்சுது. நான் எதுத்தாப்புல வெங்காயம் உரிச்சுக்கிட்டு உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப நிமிருவாரு, இப்ப நிமிருவாருன்னு. என்னங்க அதுன்னுகூடக் கேட்டேன். என் குரல் தெரியாததுக்கு எந்தக் கொள்கைங்க?"

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் என்று எழுதினால் அது சின்ன வார்த்தையாக இருக்கிறது. எழுந்து வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை, அவ்வளவுதான் நான் செய்தது.

"அப்புறம் எதுக்கு மறுபடி போன் பண்ண? குருவால இல்லன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். ஆனா நீங்க பேசுனது நெசம்தானே. சந்தோஷமா இருந்துச்சு, யார்கிட்டயாவது சொல்லணும்ல. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"இந்த ஆறு வாரமா பேசுனீங்களே, வெக்கத்துலதானே பேசுனீங்க?"

"மொதல்ல வெக்கத்துலதான்."

"இப்ப?"

நல்ல பதில்கள் இரண்டு மூன்று உடனே தோன்றின. தொழில் அப்படி. கேமரா முன்னால் மூன்று வினாடிக்கு மேல் நான் யோசித்ததே கிடையாது, பார்க்கிறவர்கள் போய்விடுவார்கள். அந்தப் பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாமே பேசத் தெரிந்தவன் சொல்கிற பதில்கள். உமா காத்திருந்தாள்.

"தெரியல உமா" என்றேன்.

அவள் கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மறுபடி உருவ ஆரம்பித்தாள்.

"தெரியறப்ப சொல்லுங்க" என்றாள். "ஊருக்கு இல்ல. எனக்கு."